செனெக்காவில் "வி-ஒன்" வேண்டாம்: இரட்டை எஞ்சின் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

விமானப் பயிற்சிப் பள்ளிகளில் இரட்டை எஞ்சின் பறத்தலைக் கற்றுத்தரும் தலைமைப் பயிற்றுநர்களுக்கும், அந்தப் பாடத்திட்டங்களுக்கு ஒப்புதல் தரும் டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நம்மிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஏர்பஸ் ஏ320 ஜெட் மேலேயே கண். செனெக்கா, டிஏ42, டெக்னாம் பி2006டி போன்ற சிறிய பிஸ்டன் இரட்டை எஞ்சின் விமானங்களில் சில மணி நேரம் பறந்து உரிமத்தை வாங்கிக்கொண்டு ஏர்லைன் வாசலில் போய் நிற்கத் துடிக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்க, ஜெட் விமானத்தின் நடைமுறையை பிஸ்டன் விமானத்திலேயே ஊட்டிவிடும் பழக்கம் வளர்ந்துவருகிறது. டேக்-ஆஃப் ஓட்டத்தில் மாணவர் "வி-ஒன், ரொட்டேட்" (இனி நிற்பதில்லை, மூக்கைத் தூக்கு) என்று உரக்கச் சொல்கிறார். சொன்ன கையோடு, ஏர்லைன் பைலட் செய்வதுபோலவே த்ராட்டிலிலிருந்து (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் லீவர்) கையை எடுத்துவிடுகிறார். அந்தக் கையைப் பற்றித்தான் இந்த மடல்.

ஜெட்டில் வி-ஒன் என்பது கணக்குப் போட்டுக் கொடுத்த உறுதி. சிட்டேஷன் மஸ்டாங், ஃபீனம் 100 போன்ற சின்ன ஜெட்டாகவே இருக்கட்டும். எடை, வெப்பம், விமான நிலையத்தின் உயரம், ரன்வேயின் நீளம் எல்லாவற்றையும் அட்டவணையில் வைத்துப் பார்த்த பிறகே அந்த வேகம் கிடைக்கிறது. அதற்கு முன் எஞ்சின் போனால் மிச்ச ரன்வேயில் நின்றுவிடலாம். அதற்குப் பின் போனால் ஒற்றை எஞ்சினில் மேலேறிவிடலாம். கணக்கு ஒத்துவராவிட்டால் எரிபொருளையோ ஆளையோ இறக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இந்தச் சின்ன ஜெட்டுகளில் எஞ்சின்கள் வால்பக்கம் உடலை ஒட்டியே இருப்பதால் பக்கவாட்டு இழுப்பும் குறைவு. நின்றுபோன எஞ்சினில் காற்றை மறிக்க ப்ரொப்பெல்லரும் இல்லை. வாலில் திசை திருப்பும் ரடரின் பெடலை மிதித்து நேராக வைத்து, ஒற்றை எஞ்சினில் பாதுகாப்பாக மேலேறும் வி-டூ வேகத்தைப் பிடித்து, கியரை (சக்கரங்களை) ஏற்றிவிட்டு, 400 அடி வரை வேறெதையும் தொடாமல் இருப்பதுதான் அங்கே பைலட்டின் வேலை. வி-ஒன்னில் கை த்ராட்டிலை விட்டு விலகுவதும் இதனால்தான். இனி நிற்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

செனெக்காவில் இப்படி எந்த உறுதியும் இல்லை. இரண்டில் ஒன்று போனால் பாதி போச்சு என்று மாணவர் நினைக்கிறார். சக்தியில் பாதிதான் போகிறது, உண்மைதான். ஆனால் விமானம் உயரம் இழக்காமல் பறப்பதற்குச் செலவானதுபோக மிஞ்சுகிற சக்திதான் அதை மேலே தூக்குகிறது. அந்த மிச்சத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் காணாமல் போகிறது. சிறிய விமானங்களுக்கான அமெரிக்காவின் பாகம் 23 விதி 2017-இல் மாற்றி எழுதப்படும்வரை, 6,000 பவுண்டுக்கு மேற்படாமல், ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காது) 61 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) அளவுக்கு மேற்படாமல் இருக்கும் இரட்டை எஞ்சின் விமானம் ஒற்றை எஞ்சினில் ஏறியே ஆக வேண்டும் என்று கேட்டதே இல்லை. எவ்வளவு ஏறுகிறது, அல்லது எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து சொன்னால் போதும் என்றது. கையேட்டில் நிமிடத்துக்கு 200 அடி என்று போட்டிருந்தாலும் அது கடல்மட்டத்தில் 15 டிகிரி குளிரில், புது விமானத்தில், கை தேர்ந்த சோதனை பைலட் எடுத்த எண். நம் ஊரில் 35 டிகிரி வெயிலில், கடற்கரையோர ரன்வேயில் நின்றாலும் விமானம் ஏறத்தாழ 2,400 அடி உயரத்தில் இருப்பதாகவே உணரும். டர்போ இல்லாத டெக்னாம் மாதிரி எஞ்சினுக்கு அதுவே பெரிய அடி.

இதில் எனக்கு அதிகம் பயம் தருவது நடுவில் இருக்கும் இடைவெளி. செனெக்கா 2-இல் வேகமானியின் சிவப்புக் கோடு 66 நாட், நீலக் கோடு 89 நாட். சிவப்புக்குக் கீழே ஓர் எஞ்சின் முழுச் சக்தியில் இருந்து மற்றது நின்றால் விமானம் ரடருக்குக் கட்டுப்படாமல் புரண்டுவிடும். நீலத்துக்கு வந்தால்தான் ஒற்றை எஞ்சினில் ஏறுவதற்கான சிறந்த வேகம். தரையை விட்டெழுந்து, கியர் இன்னும் கீழே இருக்க, இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே எஞ்சின் போனால் சரியான பதில் ஒன்றுதான்: இரண்டு த்ராட்டிலையும் மூடு, மூக்கைத் தாழ்த்து, நேரே முன்னால் இறங்கு. அதைச் செய்ய வேண்டிய கையை நாமே மடியில் வைக்கச் சொல்லிக் கொடுக்கிறோம்.

சிமுலேட்டரில் 50 அடியில் இடது எஞ்சினை நிறுத்திவிட்டு மாணவரின் கால்களைக் கவனியுங்கள். வலது கால் பெடலை மிதித்து விறைத்திருக்கும், இடது கால் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் காலின் பக்கம்தான் போன எஞ்சின். அந்தப் பக்கத்து த்ராட்டிலை மெல்லப் பின்னால் இழுத்து, இழுவிசையில் மாற்றமில்லை என்று உறுதி செய்துகொண்டு, ப்ரொப்பெல்லர் லீவரைக் கடைசிவரை இழுத்து ஃபெதர் செய்ய வேண்டும், அதாவது காற்றை மறிக்காதபடி பிளேடுகளின் விளிம்பைக் காற்றுக்கு நேராகத் திருப்ப வேண்டும். செனெக்காவில் சுழற்சி நிமிடத்துக்கு 800-க்குக் கீழே போய்விட்டால் உள்ளே பூட்டு விழுந்துவிடும், பிறகு ஃபெதர் ஆகவே ஆகாது. டிஏ42-இல் பழகியவர் எஞ்சின் மாஸ்டர் சுவிட்சை அணைத்தால் ப்ரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆவதைத்தான் பார்த்திருப்பார். லீவர்களுக்கு நடுவே அவர் கை தடுமாறும். இவ்வளவையும் நீலக் கோட்டை விடாமல், ஓடும் எஞ்சின் பக்கம் 5 டிகிரி வரை சாய்த்துக்கொண்டே செய்ய வேண்டும்.

பலம் மிகுந்த விமானத்திலும் கால் பிசகினால் தப்ப முடியாது. 2019 ஜூன் 30 அன்று டெக்சாஸின் ஆடிசனில் ஒரு கிங் ஏர் 350 புறப்பட்டவுடன் அதன் இடது எஞ்சின் உந்துவிசை இழந்தது. முதலில் மிதிக்கப்பட்டது இடது ரடர், அதாவது தவறான பக்கம் என்று அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி சொன்னது. விமானத்தில் இருந்த 10 பேரும் இறந்தார்கள்.

பிஸ்டன் பழக்கத்தைப் பெரிய விமானத்துக்கு எடுத்துச் செல்வதும் ஆபத்துதான். எஞ்சின் போனதும் கை பரபரவென்று லீவரைத் தேடுவது செனெக்காவில் தேவை. தானாக ஃபெதர் ஆகும் விமானத்திலும் ஜெட்டிலும் அதே பரபரப்பு கொல்லும். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏசியாவின் ஏடிஆர் 72-இல் வலது எஞ்சின் தானாகவே ஃபெதர் ஆனது. நிறுத்தப்பட்டதோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சின். 43 பேர் போனார்கள்.

ஆகவே பள்ளிகளிடம் கேட்கிறேன். பிஸ்டன் விமானத்தின் செக்லிஸ்டிலிருந்து வி-ஒன்னை எடுத்துவிடுங்கள். நீலக் கோட்டைத் தாண்டி, கியர் முழுக்க ஏறும்வரை கை த்ராட்டிலில் இருக்கட்டும். ஒவ்வொரு டேக்-ஆஃபுக்கு முன்பும், எந்த இடம்வரை எஞ்சின் போனால் இரண்டையும் மூடி இறங்குவேன் என்று மாணவர் வாய்விட்டுச் சொல்லட்டும். தரைக்கு நெருக்கமாக எஞ்சினை நிறுத்தும் பயிற்சியை நிஜ விமானத்தில் செய்யவே வேண்டாம். அதற்கு சிமுலேட்டர் இருக்கிறது.

டிஜிசிஏ-யிடம் ஒரு வேண்டுகோள். அமெரிக்காவில் எவ்வளவு சின்ன ஜெட்டானாலும் தனி டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்துக்கென்றே பெறும் தகுதி) கேட்கிறார்கள். 12,500 பவுண்டுக்கு மேற்படாத பிஸ்டன் இரட்டை எஞ்சினுக்குப் பொதுவான ஒரு ரேட்டிங்கே போதும் என்கிறார்கள். எஞ்சின் போனால் கையாளக் கடினமான விமானத்துக்குத்தான் குறைந்த பயிற்சி. இந்த ஏற்பாட்டை நாம் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. பிஸ்டன் இரட்டை எஞ்சின் ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை, எஞ்சின் செயலிழப்புக்கென்றே சிமுலேட்டர் நேரம் ஒதுக்குவதைக் கட்டாயமாக்குங்கள்.

இவையெல்லாம் நடைமுறைக்கு வர நாளாகும் என்றால், நாளைக் காலை வகுப்பிலேயே ஒன்று செய்யலாம். மே மாதப் பிற்பகலின் வெப்பநிலையையும், இரண்டு பேரும் முழு டேங்க் எரிபொருளும் இருக்கும் எடையையும் மாணவரிடம் கொடுங்கள். உங்கள் ரன்வேயிலிருந்து ஒற்றை எஞ்சினில் நிமிடத்துக்கு எத்தனை அடி ஏறும் என்று கையேட்டின் வரைபடத்தில் அவரே கோடு போட்டுக் கண்டுபிடிக்கட்டும். வந்த எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
இரட்டை எஞ்சின் பயிற்றுநர் ஒருவர்