முதலில் பாஞ்சோவை வை

அன்புள்ள சேகர்,

பிப்ரவரியில் நடக்கும் கறுப்பர் இசை நிகழ்ச்சிக்கு நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. ஜாஸ், ப்ளூஸ், காஸ்பெல் எல்லாம் சரி, தோல் போர்த்திய அந்தத் தந்தி வாத்தியம், பாஞ்சோ எங்கே? வெள்ளைக்காரக் கிராமத்து வாத்தியம் என்று விட்டுவிட்டாய் போல. கறுப்பர் இசை என்றால் அதிலிருந்துதான் நான் ஆரம்பிப்பேன்.

காம்பியா, செனகல் பக்கம் ஜோலா மக்கள் வாசிக்கும் அக்கோன்டிங் என்ற வாத்தியத்தைப் பார். சுரைக்குடுக்கையில் ஆட்டுத்தோல், நீளத் தண்டி (கைப்பிடிக் கழி), மூன்று தந்தி. கட்டைவிரல் பக்கத்துத் தந்தி மட்டும் குட்டை. ஐந்து தந்தி பாஞ்சோவிலும் ஐந்தாவது பாதித் தண்டியில்தான் தொடங்கும். அக்கோன்டிங்கில் ஆள்காட்டி விரல் நகம் கீழ்நோக்கி அடிக்க, பின்னாலேயே கட்டைவிரல் குட்டைத் தந்தியைத் தட்டும். அமெரிக்காவில் க்ளாஹாமர் என்று ஒரு பாஞ்சோ வாசிப்பு முறையைச் சொல்கிறார்களே, அதிலும் இதே கைதான். அக்கோன்டிங் ஒன்றுதான் தாய் என்று மேடையில் சொல்லிவிடாதே. மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தக் குடும்பத்து வாத்தியங்கள் பல உண்டு.

அட்லாண்டிக்கைத் தாண்டி பாஞ்சோவை வடிவமைத்தவர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1687-இல் ஜமைக்கா போன மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் அவர்களின் குடுக்கை வாத்தியங்களை எழுதி வைத்தார்; 1707-இல் படத்தோடு அச்சானது. அடிமைகள் எழுந்த ஸ்டோனோ கலகத்துக்குப் பிறகு, 1740-இல் தென் கரோலினா சட்டம் முரசையும் கொம்பையும் தடுத்தது; பாஞ்சோவின் பெயர் அதில் இல்லை. பிறகு 1830-களில் கறுப்பர் வேடமிட முகத்தில் கரி பூசிய வெள்ளையர்கள் பாஞ்சோவை மேடையேற்றிக் கேலிப்பொருளாக்கினார்கள். அந்த அவமானம் ஒட்டிக்கொண்டதும் கறுப்பர் பலர் அதை விட்டு விலக ஒரு காரணம். 2005-இல் வட கரோலினாவில் கறுப்பின பாஞ்சோக் கலைஞர்கள் கூடினார்கள்; அதையொட்டிப் பிறந்த கரோலினா சாக்லேட் ட்ராப்ஸ் குழுவுக்கு 2011-இல் கிராமி இசை விருது கிடைத்தது. அவர்கள் பதிவு ஒன்றை நிச்சயம் போடு.

பிள்ளைகளோடு ஒரு குடுக்கை வாத்தியம் செய்வதாக இருந்தால் சுவர் தடித்த காய்ந்த குடுக்கை வேண்டும், 25 செ.மீ. அகலம் போதும். மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடு. ஆட்டுத்தோலை ஒரு இரவு ஊறவைத்து, பித்தளை ஆணி அடித்துப் பொருத்து. இரும்பு ஆணி துருவேறித் தோலில் கறை விடும். ஈரத்திலேயே முறுக்கி இழுக்காதே, காயும்போது சுருங்கிக் குடுக்கை விரிசல் விடும். நிழலில் இரண்டு நாள் ஆறட்டும். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முதலில் காய்ந்து கோணிக்கொள்ளும். தண்டி தோலைத் தொடக்கூடாது, தொட்டால் நாதம் செத்துவிடும். குதிரையை (தோல்மேல் தந்திகளைத் தாங்கும் கட்டையை) ஒட்டாதே, தந்தியின் அழுத்தமே பிடித்துக்கொள்ளும். மீன்பிடி நைலான் தந்திக்குப் போதும், ஜோலாக்களே இப்போது அதைத்தான் கட்டுகிறார்கள்.

ஈரக்காற்று அடித்தால் தோல் தளர்ந்து சத்தம் மந்தமாகும். நிகழ்ச்சிக்கு அரைமணி முன் ஒரு குண்டு பல்பின் பக்கத்தில் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேர். முன்பே சேர்த்தால் தோல் இறுகிச் சுருதி எல்லாம் ஏறிப்போகும்.

உன்,
ராகவன்