பெட்டிச் சாவி யாரிடம்?

மண்டபம், பாம்பன் வட்டாரத்து நண்டு, இறால் கம்பெனி முதலாளிமார்களுக்கு,

வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக நண்டுச் சதை எடுக்கிறவள் எழுதுகிறேன். வேலை பற்றி முடிவெடுக்குமுன் எங்களையும் கேளுங்கள் என்பதற்காக. கூலி உயர்வு பற்றி அல்ல. அதற்குத் தனி மடல் வரும்.

முன்பு நான் இருந்த கம்பெனியில் எடுத்த சதையை அவ்வப்போது எடை போடுவோம். புதிதாக வந்த மேலாளர், மாலையில் மொத்தமாகப் போட்டால் போதும், நேரம் மிச்சம் என்றார். அவித்த நண்டின் சதை தட்டில் கிடக்கக் கிடக்க நீர் வடியும். காலையில் ஒரு கிலோ இருந்தது மாலையில் ஒரு கிலோ இருக்காது. எங்களுக்கோ கிலோ கணக்கில் கூலி. அடித்தட்டுச் சதை வாடையெடுத்து, கம்பெனியும் கொட்டிக் கழுவியது. மேசையில் இருந்த எவளைக் கேட்டிருந்தாலும் முதல் நாளே சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. பிறகு சுவரில் ஒரு தகரப் பெட்டியை மாட்டி ‘ஆலோசனைப் பெட்டி’ என்று எழுதி வைத்தார்கள். சாவி சூப்பர்வைசர் இடுப்பில். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது இரண்டு மிட்டாய்த் தாளும் ஒரு பஸ் டிக்கெட்டும் கிடந்தன.

என் அப்பா போன நாட்டுப்படகின் சம்மாட்டி, அதாவது படகுக்காரர், வலை விடுமுன் நீவாடு (கடல் நீரோட்டம்) எப்படி என்று எல்லோரையும் கேட்பார். சோறாக்க வந்த பையனையும் கேட்பார். முடிவு அவருடையதுதான். காற்று திரும்பி அலை ஏறினால் ஒருவரையும் கேட்கமாட்டார். அந்நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் படகு தாங்காது. மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் மாதம் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். என் சின்னம்மாவும் அவர்களில் ஒருத்தி. இதையே மேலாளர் ஒருவர் உத்தரவாகப் போட்டிருந்தால் பதின்மூன்றாம் நாள் முதல் ஆளாக இறங்கியிருப்பாள்.

1939இல் வெளியான ஓர் ஆய்வை என் மகள் கல்லூரிப் பாடத்திலிருந்து படித்துக் காட்டினாள். அமெரிக்காவில் கர்ட் லெவின் என்ற உளவியலாளரின் குழுவினர் சிறுவர் மன்றங்களில் செய்த சோதனை. அதட்டுகிற தலைவர் அறையை விட்டுப் போனதும் வேலை படுத்துவிட்டதாம். கலந்து பேசுகிறவர் போனபின்னும் நடந்ததாம். சிரித்துவிட்டேன். சூப்பர்வைசர் டீ குடிக்கப் போகும் கால்மணி நேரத்தில் எங்கள் மேசை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, 2020, இருபது பேர் வேலை செய்யும் இடத்திலும் இருதரப்பும் சமமாக உட்காரும் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்கிறது. எங்கள் பக்கத்து ஆட்களை நாங்களே வாக்குப் போட்டு அனுப்புகிறோம். குழு வேலை நேரத்தில் கூடட்டும். அதற்காகக் கூலியைப் பிடிக்காதீர்கள். நாங்கள் சொல்வதை மறுத்தால் காரணத்தைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். மறுக்கவே கூடாது என்று யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், இறால் வரத்தும் இராது. அப்போதே தேர்தலை வைத்துவிடலாம். வாக்குப் பெட்டிக்கு அந்தத் தகரப் பெட்டி போதும். சாவியை மட்டும் முன்கூட்டியே எங்களிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நண்டு மேசைக்காரி ஒருத்தி