கிழிந்த கண்ணில் தண்ணீர் அடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

லேத் பட்டறைகளில் இரும்புச் சில்லு தெறித்துக் கண்ணைக் கிழித்தால் உடனே தண்ணீர் அடிக்கிறார்கள். அடுத்து விளக்கெண்ணெய், தாய்ப்பால். எல்லாமே கேடு. (ரசாயனம் தெறித்தால் மட்டும் கழுவியே ஆக வேண்டும்.) கருமணி கண்ணீர்த்துளிபோல் ஒருபக்கம் இழுபட்டிருந்தாலோ, பார்வை சட்டென மங்கினாலோ விழியே கிழிந்திருக்கலாம். தேய்க்கவோ அழுத்தவோ, குத்தி நிற்பதைப் பிடுங்கவோ கூடாது. காகித டம்ளரைக் கண்ணில் படாதபடி கவிழ்த்து ஒட்டி, கண் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம்; அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். ஆறுதலுக்கு வாங்கித் தரும் டீகூட வேண்டாம்.

எளிதில் உடையாத பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி பல பட்டறைகளில் இருக்கிறது, முகத்தில் அல்ல, ஆணியில்! தொழிற்சாலை ஆய்வாளர்கள் சிறு பட்டறைகளுக்குள்ளும் முன்னறிவிப்பின்றி நுழையட்டும்.

வாசகர், கோவை