உறையில் எழுதும் ஊர்

லீட்ஸ்,
2 ஆகஸ்ட் 2025

அன்பு நண்பா,

தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

நேற்று யார்க்ஷயர் தினம், வட இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் இந்தப் பழைய கவுண்டியின் (நம்மூர் ஜில்லா மாதிரி) நாள். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் நேற்றுதான் பேத்தியைத் தூக்கிக்கொண்டு யார்க் போனேன். ஊரைச் சுற்றிய பழைய மதிலின் நான்கு வாசல்களிலும் ஒரு பிரகடனம் வாசிப்பார்கள். யார்க்ஷயரின் மூன்று பழைய பிரிவுகளுக்கு ரைடிங் என்று பெயர்; லீட்ஸ் மேற்கு ரைடிங்கில் இருப்பதால் நாங்கள் மிக்கில்கேட் வாசலில் நின்றோம். கோட்டில் யார்க்ஷயரின் சின்னமான வெள்ளை ரோஜா குத்தியிருந்தவர் தாளை விரித்து, யார்க்ஷயர் என்பது மூன்று ரைடிங்குகளும் யார்க் நகரமும், இந்த எல்லைகளுக்கு வயது 1150 என்று உரக்கப் படித்தார். கி.பி. 875-லிருந்து கணக்கு, வருஷா வருஷம் ஒன்று கூட்டுகிறார்கள். ரைடிங் என்றால் மூன்றில் ஒரு பங்கு, வைக்கிங்குகள் விட்டுப்போன சொல்.

எல்லாம் 1974-ல் பட்ட காயம். அந்த ஏப்ரலில் அரசாங்கம் கவுண்டிகளை மாற்றியமைத்தபோது ரைடிங்குகளே இல்லாமல் போயின. ஹல் ஹம்பர்சைடு என்ற புதுக் கவுண்டிக்கும், மிடில்ஸ்பரோ கிளீவ்லாண்டு என்ற புதுக் கவுண்டிக்கும், சாடில்வொர்த் மான்செஸ்டர் பக்கமும் போயின. மறுவருஷமே யார்க்ஷயர் ரைடிங்ஸ் சொசைட்டி பெவர்லியில் இந்த நாளைத் தொடங்கிவிட்டது. ஆகஸ்ட் 1, ஜெர்மனியில் 1759-ல் மிண்டன் போர் நடந்த நாள். யார்க்ஷயர் படைப்பிரிவு அதை வெள்ளை ரோஜா சூடி நினைவுகூரும். 1834-ல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாள். அதற்காகப் போராடிய வில்பர்ஃபோர்ஸ் ஹல்லில் பிறந்தவர், யார்க்ஷயர் எம்.பி. எனக்கு இதுதான் பெரிய காரணம்.

ரைடிங்குகளில் உள்ள எல்லா ஊருக்கும் முகவரி யார்க்ஷயர்தான் என்றும் பிரகடனத்தில் வருகிறது. நாகப்பட்டினம் தனி மாவட்டமான பிறகும் அப்பா 'தஞ்சாவூர் ஜில்லா' என்றே உறையில் எழுதுவாரே, ஞாபகமிருக்கிறதா?

அப்புறம் ஒரு வரி. இங்கே பிறந்தவர்களும், இங்கே குடியிருந்து ரைடிங்குகளிடம் விசுவாசமாக இருப்பவர்களும் யார்க்ஷயர்காரர்களே. பேத்தி பிறந்ததால், நான் குடியிருப்பதால். அவளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

1996-ல் ஹம்பர்சைடு கலைந்தது. யார்க்ஷயர் இருக்கிறது. அடுத்த ஆகஸ்டுக்கு நீயும் தங்கச்சியும் வாருங்கள், பெவர்லியும் போய்வரலாம். பதில் போடும்போது உறையில் 'யார்க்ஷயர்' என்று எழுத மறக்காதே.

அன்புடன்,
உன் நண்பன்