சாம்பிக்கு ஒரு வீடு

அன்புள்ள மீனாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மூன்று வாரமாக நான் எதைக் கேட்டாலும் போனில் ஒரு கட்டைவிரல் படம்தான் வருகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரியம்மா பேசிய விஷயம் இதில் வராது, தைரியமாகப் படி. நம் பூனை சாம்பியைப் பற்றித்தான்.

அவளுக்கு வீடு அமைந்துவிட்டது போலிருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் அவளை ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன். நாலாம் நாள் திரும்பி வந்துவிட்டாள். உனக்குத் தெரிய வேண்டாம் என்று நானும் அம்மாவும் பேசிக்கொண்டோம் என்று எழுத வந்தேன். அம்மா சொல்லச் சொன்னாள். மறைத்தது நான்தான்.

ஊருக்குக் கிளம்பும்போது நீ, "அவசரப்படாதீங்கப்பா, அவ கூச்சக்காரி, அது புரிஞ்சவங்களா பாருங்க" என்றாய். பார்த்தேன். கேட்டவர்கள் எல்லோருக்கும் குட்டிதான் வேண்டியிருக்கிறது. நாலு வயசு, ஆளைக் கண்டால் பீரோவுக்கு அடியில் போய்விடுவாள் என்றதும், "வீட்ல கலந்துக்கிட்டு சொல்லி அனுப்புறோம்" என்கிறார்கள். அந்த வார்த்தையை நம் ஹாலில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! ஏழாவது ஆளும் அப்படிச் சொன்ன பிறகு எனக்குப் பொறுமை போய்விட்டது. எட்டாவதாக ஒரு தம்பதி, பத்து வயசுப் பையனோடு வந்தார்கள். "ரெண்டே நாள், மடியில வந்து உக்காந்துக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அங்கே வாஷிங்மெஷினுக்குப் பின்னால் போனவள் மூன்று நாளும் வெளியே வரவில்லை, சாப்பிடவும் இல்லை. மடியில் உட்காரும் என்று நான் சொன்னதை நம்பி அந்தக் குழந்தை வாலைப் பிடித்து இழுத்திருக்கிறான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கீறிவிட்டாள். அவளுக்குத் தடுப்பூசி போட்டிருந்தும், பாவம், அவனுக்கும் ஊசி போட வேண்டியதாயிற்று. கூடையோடு திருப்பிக் கொடுத்தபோது அவர்கள் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. கால்நடை டாக்டர்தான் கோபித்துக்கொண்டார். பூனை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடுமாம். அவள் மறுபடி மத்தி மீனில் வாய் வைக்கும் வரை எனக்கும் சோறு இறங்கவில்லை. நீயும் ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

மத்தி என்றதும் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். தயிர்சாதம் போதும் என்று பிடிவாதமாக இருந்தவன்தானே நான். பூனைக்கு டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும், அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும் என்று டாக்டர் விளக்கியதும் அம்மாவே பின்கட்டில் தனி அடுப்பு போட்டுக் கொடுத்தாள். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் அவித்து, முள் எடுத்து வைக்கிறேன். இடுப்பளவுத் தண்ணீரில் அவளைத் துணிக்கூடையில் தலைமேல் வைத்துக்கொண்டு நீ வந்து நின்றாயே, 2023 மிக்ஜாம் புயலில், அன்று உன்னைத் திட்டினேன். பக்கத்துத் தெருக்காரர்களிடம் இன்றைக்கும் அந்தக் கதையைத்தான் பெருமையாகச் சொல்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை.

அந்தப் பையனின் கையைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரி தூக்கமே இல்லை, மீனா. 2019-ல் உன்னைப் பெண் பார்க்க அவர்கள் நம் வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள், "பொண்ணு ரொம்ப அமைதியா இருக்காளே" என்றார். நான் முந்திக்கொண்டு, "வீட்ல வாய் ஓயாதுங்க, கூட்டுக் குடும்பத்துல சட்டுனு ஒட்டிக்குவா" என்றேன். நீ சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாய். ஒரு பார்வைதான். அன்றைக்கே எனக்குப் புரிந்தது, புரியாத மாதிரி காபி டம்ளரை எடுத்தேன். நீ திரும்பி வந்த பிறகு, "இன்னும் கொஞ்சம் அனுசரிச்சிருக்கலாம்" என்றவனும் நான்தான். நீ இல்லாத ஒருத்தியைச் சொல்லி உன்னை அனுப்பினேன். அப்புறம் அவளாக நீ இருக்கவில்லை என்று உன்னையே குறை சொன்னேன். இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். எட்டு மாதம் பக்கத்து அறையில்தான் இருந்தாய்.

சரி, இப்போது சாம்பியை எடுத்துக்கொள்ளப் போகிற சேலையூர் டீச்சருக்கு வருகிறேன். ரிட்டயர் ஆனவர், தனியாக இருக்கிறார். இந்தத் தடவை ஒன்றையும் மறைக்கவில்லை. மிக்ஸி ஓடினால் பாய்ந்து ஒளிவாள், விளக்கை அணைத்த பிறகுதான் சாப்பிடுவாள், மடிக்கு வரவே மாட்டாள் என்றேன். இடது காது நுனி ஏன் வெட்டியிருக்கிறது என்று கேட்டார், கருத்தடை ஆனதற்கு அடையாளம் என்றேன். "மடிக்கு வரலேன்னா என்ன சார், ஒரே வீட்ல ரெண்டு பேரும் இருந்தா போதும்" என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவளைத் தேடவில்லை, கூப்பிடவில்லை. தரையில் சுவரோடு சாய்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் பீரோவுக்கு அடியிலிருந்து முதலில் மீசை வந்தது, அப்புறம் ஒரு பாதம். டீச்சர் உற்றுப் பார்க்காமல் கண்ணை மெல்ல மூடித் திறந்தார். சாம்பியும் அப்படியே மூடித் திறந்தாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

டீச்சர் வீட்டுப் பால்கனிக்கு வலை அடித்தாயிற்று. முதலில் ஓர் அறைக்குள் மட்டும், மணல் தட்டு ஒரு மூலை, சாப்பாடு எதிர் மூலை. பயம் தெளிய மூன்று நாள், பழக மூன்று வாரம், தன் வீடு என்று தோன்ற மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். இவளுக்கு இன்னும் கூடவே ஆகும் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். ஒத்து வரவில்லை என்றால் எந்த நேரமானாலும் கொண்டு வாருங்கள், ஏன் என்று ஒரு கேள்வி கேட்க மாட்டேன், அவள் இடம் அப்படியே இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறேன். உன் அறையிலும் எதையும் நகர்த்தவில்லை.

வருகிற ஞாயிறு கிளம்புகிறாள். நீ விட்டுப்போன நீலப் போர்வையில்தான் தூங்குகிறாள். தெரிந்த வாசனை கூட இருந்தால் புது இடத்தில் பயம் குறையுமாம். அம்மா துவைக்க எடுத்தாள், நான் தடுத்துவிட்டேன். அதை அப்படியே அவளோடு அனுப்பட்டுமா, இல்லை உனக்கு வேண்டுமா? இதற்கு மட்டும் ஒரு வரி எழுதிப் போடு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா