'அதே பாடல்தான்' என்று பதில் அனுப்பியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாட்டுச் செயலிகளில் பட்டியலைப் பராமரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு ராத்திரி, வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கும் என் பட்டியலில் ஒரு பாட்டைத் தட்டினேன். அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்', 1972 மேடைப் பதிவு. அரங்கத்தின் இரைச்சல் வரும் என்று காத்திருந்தால், வந்தது சாக்ஸபோன். நான் சேர்த்து வைத்த பதிவை எடுத்துவிட்டு, 1971இல் வந்த ஸ்டூடியோப் பதிவை யாரோ அந்த இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். எந்தச் செயலி என்பது இங்கே முக்கியமில்லை. புகார் எழுதினேன். "அதே பாடல்தான் உங்கள் பட்டியலில் உள்ளது" என்று பதில் வந்தது. அந்த 'அதே'க்காகத்தான் இந்த மடல்.

முதலில் ஸ்டூடியோப் பதிவு. அதன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. 1969இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் போலீஸ் இளைஞர்களை அடித்து விரட்டியதைப் பார்த்து, ஓபி பென்சன் என்ற பாடகர் மனம் பொறுக்காமல் தொடங்கிய பாட்டு இது. மார்வினிடம் வந்து சேர்ந்தபோது அவருடைய தம்பி வியட்நாம் போரிலிருந்து திரும்பியிருந்தார். 1970 ஜூனில் டெட்ராய்ட்டில் பதிவு செய்தார்கள். மோட்டவுன் இசை நிறுவனத்தின் முதலாளி பெரி கார்டிக்குப் பாட்டு பிடிக்கவில்லை; 1971 ஜனவரியில்தான் வெளியே வந்தது.

தொடக்கத்தில் வரும் அந்த சாக்ஸபோன், வாசிப்பதற்கு முன் ஈலை ஃபான்டெய்ன் சும்மா ஊதிப் பார்த்தது. டேப் ஓடிக்கொண்டிருந்தது. "இதுவே போதும், நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்கிற மாதிரி மார்வின் சொல்லிவிட்டாராம். பின்னால் கேட்கும் அரட்டைக்கு நண்பர்களைக் கூட்டி வந்தார். அதில் இரண்டு பேர் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது அந்த இரட்டைக் குரல். இரண்டு முறை பாடி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க நினைத்தார். ஒலிப்பதிவாளர் தவறுதலாக இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டார். மார்வினுக்கு அது பிடித்துப்போயிற்று. இயர்போனில் கேட்டுப் பாருங்கள்: ஒரு மார்வின் அம்மாவையும் அண்ணன் தம்பிகளையும் கூப்பிட்டு முறையிடுகிறார். இன்னொரு மார்வின் கொஞ்சம் பின்தங்கி, ஆமாம் ஆமாம் என்பதுபோல் அதற்குத் துணை வருகிறார்.

இப்போது மேடைக்கு வாருங்கள். 1972 மே 1, வாஷிங்டன், கென்னடி சென்டர். அவர் பிறந்த ஊர். அவரைக் கௌரவிக்கவே ஒதுக்கிய நாள். கூடப் பாடிய டாமி டெரல் 1970இல் இறந்த பிறகு அவர் மேடையை ஒதுக்கியே வைத்திருந்தார். அந்த மனிதர் வந்து நிற்கிறார், ஒரே ஒரு தொண்டையோடு. பின்பாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், வாத்தியங்கள் இருக்கின்றன. தனக்குத் தானே பதில் சொன்ன அந்த இரண்டாவது மார்வின் மட்டும் இல்லை. ஸ்டூடியோப் பதிவு மனப்பாடமாகிப்போன காதுக்கு அந்த இடங்கள் காலியாகக் கேட்கும். அங்கேதான் அரங்கம் உள்ளே வருகிறது.

நேர்த்தி என்று பார்த்தால் ஸ்டூடியோப் பதிவுதான் மேல், சந்தேகமே இல்லை. மேடையில் சில இடங்கள் தொய்கின்றன. ஆனால் ஸ்டூடியோவில் இருந்தது ஏற்பாடு செய்த கூட்டம், மேடைக்கு எதிரில் இருந்தது தானாக வந்து உட்கார்ந்த கூட்டம். 'என்ன நடக்கிறது' என்று கேட்கும் பாட்டில் இந்த வித்தியாசம் சின்னது இல்லை. கேள்வியைக் கேட்க எதிரில் ஆள் வேண்டாமா? அன்று, இதே பெயரில் வந்த ஆல்பத்தின் இசைத்தட்டில் இரண்டாம் பக்கத்தை முதலில் பாடி, பிறகு முதல் பக்கத்துக்கு வந்தார். கடைசியில் இதே பாட்டை இன்னொரு தரமும் பாடினார். ஒரே ராத்திரியில் இரண்டு தடவை! அதையும் உங்கள் கணக்கு 'நகல்' என்றுதான் சொல்லும்.

ஸ்டூடியோவில் முதலில் வந்ததுதான் அசல், மற்றதெல்லாம் நகல் என்ற உங்கள் விதியை ஜமைக்கா பாடகர் பாப் மார்லியின் 'நோ வுமன் நோ க்ரை'க்குப் போட்டுப் பாருங்கள். 1974 ஸ்டூடியோப் பதிவு நான்கு நிமிடத்துக்கும் குறைவு, தாளத்துக்கு டிரம் மெஷின். 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் அதே பாட்டு நிதானமாகி ஏழு நிமிடத்துக்கு நீண்டது. பல்லவியைக் கூட்டமே பாடுகிறது. 1984இல் வந்த 'லெஜண்ட்' தொகுப்பில் இடம்பிடித்தது மேடைப் பதிவுதான். ஜமைக்காவின் ட்ரெஞ்ச்டவுன் குடியிருப்பின் ஏழ்மையைப் பாடிய அந்தப் பாட்டு இன்று பெரும்பாலானோர் காதில் இருப்பது அந்தக் கூட்டத்தின் குரலோடுதான்.

சரி, என்ன செய்யலாம்? உரிமம் முடிந்து ஒரு பதிவு போய்விட்டால், போய்விட்டது என்று சொல்லுங்கள். அந்த வரி சாம்பல் நிறத்தில் கிடக்கட்டும். வேறொன்றைக் கொண்டுவந்து சத்தமில்லாமல் அங்கே நுழைக்காதீர்கள். மேடைப் பதிவு என்றால் எந்த ஊர், எந்தத் தேதி என்று பக்கத்திலேயே போடுங்கள்; 'லைவ்' என்ற ஒற்றைச் சொல் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. பாட்டுக்கு நடுவில் வரும் பேச்சைத் தனித் துண்டாக்கி ஒளித்து வைக்க வேண்டாம். அப்புறம், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் விழும் அந்த அரை நொடி மௌனம். 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில் முதல் பாட்டு முடியாமலே அடுத்ததற்குள் கரைகிறது. அங்கே ஒரு இடைவெளி விழுந்தால், பேசிக்கொண்டிருப்பவர் வாயை யாரோ பொத்திவிட்டு எடுத்ததுபோல் இருக்கிறது. இடைவெளி இல்லாமல் ஓடவிடும் வசதி அமைப்புகளில் எங்கோ ஆழத்தில் இருக்கிறதாம். அதை ஆல்பங்களுக்குத் தானாகவே வரும்படி வையுங்கள்.

மேடைப் பதிவை மறுபடி தேடிப் பிடித்துச் சேர்த்துவிட்டேன். பட்டியலின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்: 'மே 1, 1972, கைதட்டலோடு'. இனி அங்கே சாக்ஸபோன் வந்தால், மறுபடியும் எழுதுவேன்.

இப்படிக்கு,
மாதம் தவறாமல் சந்தா கட்டும் ஒருவன்