சப்ளையரோட காலப் பத்தி யாரும் எழுதல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பழைய ஓட்டல்களப் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். ரவா தோசைக்கு எப்படி மாவு கரைப்பாங்க, சமையல் பண்ற சரக்கு மாஸ்டருங்க எந்த ஊர்லருந்து வந்தாங்க, முதலாளியோட அப்பா எவ்ளோ கஷ்டப்பட்டு கடைய ஆரம்பிச்சாருன்னு எல்லாம் நல்லா இருந்துச்சு, ஆனா அந்த தோசைய அடுப்படிலருந்து டேபிளுக்கு கொண்டாந்து வச்ச ஆளப் பத்தி ஒரு வரி கூட இல்லங்க. நான் 1991லருந்து 2010 வரைக்கும் சப்ளையரா இருந்தவன், கொஞ்ச நாள் மதுரை, மிச்சம் எல்லாம் திருச்சி. மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

நான் சேந்தப்ப ஆர்டர் எழுத பேடு எல்லாம் கிடையாது. ஒரு ஆளுக்கு ஆறு டேபிள், டேபிளுக்கு நாலு பேரு, ஆக ஒரே நேரத்துல 24 பேரு, அதுல யாரு கெட்டிச் சட்னி கேட்டா, யாருக்கு காபில சக்கர கம்மி, எந்தக் கொழந்தைக்கு காரம் இல்லாம வேணும், எல்லாம் தலைக்குள்ளயே இருக்கணும். அடுப்படி வாசல்ல நின்னு மூணு ரோஸ்ட்டு அதுல ஒண்ணு முறுகலா, ரெண்டு ஆனியன், ஒரு பூரின்னு ஒரே மூச்சுல குரல் குடுக்கணும், உள்ள வேற நாலு பேரு குரல் குடுப்பான், மாஸ்டர் திரும்பிக் கூட பாக்க மாட்டாரு ஆனா அவர் காதுல விழுந்துடுச்சான்னு நமக்குத் தெரியணும். சாப்ட்டு முடிச்சவரு கல்லாவுக்கு நடக்கறப்பவே வெள்ளச் சட்டை முப்பத்தெட்டுன்னு சத்தம் போட்டு சொல்லணும், கணக்கு கொறஞ்சா நம்ம சம்பளத்துலதான் கை வைப்பாங்க. இடது கைல மணிக்கட்டுலருந்து முழங்கை வரைக்கும் வரிசையா மூணு தட்டு அடுக்கி, வெரல் நடுவுல இன்னொண்ணு புடிச்சு, வலது கைல சாம்பார் வாளி. அந்த சாம்பார் ஒருநாள் தளும்பி ஊத்துன தழும்பு இன்னும் என் முழங்கைல இருக்கு.

கால் முடியாமப் போயி வேலைய விட்டப்பறம் மாவட்ட மைய நூலகத்துக்கு தெனமும் போவேன். அங்கதான் எங்களப் பத்தி யாராச்சும் எழுதிருக்காங்களான்னு தேட ஆரம்பிச்சேன். சர்வர் சுந்தரம் எல்லாருக்கும் தெரியும், பாலசந்தர் மொதல்ல நாடகமா போட்டு அப்பறம் 1964ல படமா வந்தது, நாகேஷ் புண்ணியத்துல எங்க எல்லாருக்கும் கஸ்டமருங்க அந்தப் பேரையே வச்சிட்டாங்க. ஆனா அந்த சுந்தரம் நடுவுல நடிகனாயிடறான், ஓட்டல விட்டு வெளிய போயிடறான், கடசீல திரும்பி வந்தாலும் அங்கயே நின்னவன் கதை அது இல்ல. ஜார்ஜ் ஆர்வெல்னு ஒருத்தரு பாரிஸ்ல பெரிய ஓட்டல்ல பாத்திரம் கழுவுன அனுபவத்த எழுதின புத்தகம், 1933ல வந்தது, அதுல அடுப்படில கத்தி சண்ட போட்டுட்டு இருந்த சர்வரு கதவத் தாண்டி சாப்பாட்டு ஹாலுக்குள்ள கால் வச்ச செகண்டுல மொகமே வேற ஆயிடும்னு எழுதிருக்காரு. அத படிச்சப்ப ஒரு நிமிஷம் புத்தகத்த மூடி வச்சிட்டேன், எங்க ஓட்டல்லயும் அப்டி ஒரு ஸ்பிரிங் கதவு இருந்துச்சுங்க, அப்பா செத்த பதினோராம் நாள் வேலைக்கு வந்து அந்தக் கதவத் தள்ளிட்டு நானும் அப்டித்தான் வந்தேன்.

ஜெயமோகனோட சோற்றுக் கணக்கு கதைய படிக்காத சப்ளையர் இருந்தா வாங்கிக் குடுங்க. திருவனந்தபுரம் சாலை மார்க்கெட்ல சாப்பாட்டுக்கடை வச்சிருக்கற கெத்தேல் சாகிப் சாப்பாட்டுக்கு காசு கேக்க மாட்டாரு, ஒரு தகர டப்பா இருக்கும், முடிஞ்சவங்க போடலாம், அவ்ளோதான். போட்டவன் போடாதவன்னு பாக்காம அந்த முடி மொளச்ச பெரிய கை பாட்டுக்கு மீனும் சோறும் அள்ளி வச்சிக்கிட்டே இருக்கும். பரிமாறுற கைய அப்டி யாரும் எழுதினதில்ல, அழுதுட்டேன். தட்டுல விழுற சோத்தப் பாத்தா அது சம்பளத்துக்கு வச்ச சோறா மனசார வச்ச சோறான்னு தின்னுறவனுக்கு தெரியும்.

ஆனா நான் சொல்ல வந்தது கால் பத்தி.

எம்பொண்ணு காலேஜ்ல படிக்கறப்ப ஹெமிங்வேன்னு ஒருத்தரோட சின்னக் கதை பாடமா இருந்துச்சு, அவதான் தமிழ்ல சொன்னா. ஸ்பானிஷ் பேசுற ஊர்ல ராத்திரி ஒரு கபே, காது கேக்காத ஒரு பெரியவரு தனியா உக்காந்து பிராந்தி குடிச்சிட்டே இருக்காரு, ரெண்டு சர்வருங்க. எளசா இருக்கறவனுக்கு வீட்டுக்குப் போகணும், பொண்டாட்டி காத்துட்டு இருக்கா, பெரியவர சீக்கிரம் அனுப்பிடறான். வயசான சர்வருக்கு அந்தப் பெரியவரோட தனிமை புரியுது, இன்னும் கொஞ்ச நேரம் வெளக்க அணைக்காம இருந்திருக்கலாமேன்னு நெனைக்கறாரு. கிளாஸ்ல எல்லாரும் வயசான சர்வர் பக்கம்தானாம். நான் எளசு பக்கம் நின்னேன், பொண்ணு ஆச்சரியமாப் பாத்தா. அந்தப் பெரியவருக்கு காது கேக்காதுன்ற தைரியத்துல அவன் கேவலமா பேசுனது தப்பு, ரொம்பத் தப்பு, அத ஒத்துக்கறேன். ஆனா ராத்திரி பத்தே முக்காலுக்கு ஒருத்தரு வந்து உக்காந்து ஒரே ஒரு பால் சொல்லிட்டு செல்போன்ல பேசிட்டே இருப்பாரு, எனக்கு பதினொண்ணு பத்துக்கு துவரங்குறிச்சி போற கடசி பஸ், காலைல அஞ்சரைக்கு நின்ன காலு, செருப்பு வாரு தோல்ல பதிஞ்சு போயி கெண்டக்கால் நரம்பு ஒவ்வொண்ணும் மொடிச்சு நிக்கும். பஸ்ஸ விட்டா பஸ் ஸ்டாண்டு திண்ணைதான். அந்த எளவட்டமும் காலைலருந்து நின்னுருப்பானான்னு எம்பொண்ணு கிட்ட கேட்டேன், அவளால பதில் சொல்ல முடியல.

ஒரு தடவ மதியம் மூணரைக்கு, சாப்பாடு கூட்டம் ஓஞ்ச நேரம், பின்கட்டுல காலி எண்ணெய் டின்ன கவுத்துப் போட்டு உக்காந்தேன். அஞ்சு நிமிஷம் இருக்கும். சூப்பர்வைசர் வந்து ஒண்ணும் சொல்லல, டின்ன மட்டும் எடுத்துட்டுப் போயிட்டாரு. சனிக்கெழம சம்பளத்துல அரை நாள் இல்ல. அந்த ஓட்டல் பேரு வேண்டாம், அப்ப எல்லா எடத்துலயும் அதான் வழக்கம். இப்ப எனக்கு ரெண்டு கால்லயும் நரம்பு சுருட்டிக்கிட்டு வீங்குற வெரிகோஸ், ஒரு ஆபரேஷன் ஆச்சு, கட்டுத்துணி சுத்தாம பத்து நிமிஷம் நிக்க முடியாது.

கோழிக்கோடு மிட்டாய்த் தெரு ஜவுளிக்கடைப் பொண்ணுங்க உக்காரணும்னு சொல்லி போராடுனாங்க, கேரளாவுல 2018ல சட்டத்த திருத்துனாங்க. நம்ம தமிழ்நாட்லயும் 2021 செப்டம்பர்ல சட்டசபைல மசோதா நிறைவேறுச்சு, கடைல வேலை செய்றவங்களுக்கு இருக்கை குடுக்கணும்னு. ஜவுளிக்கடைங்கள்ல அங்கங்க ஸ்டூல் பாக்கறேன், சந்தோஷமா இருக்கு. ஓட்டலுக்கு 1958லயே தனியா உணவு நிறுவனங்கள் சட்டம் இருக்கு, அதுலயும் இந்த இருக்கை விஷயத்த பளிச்சுனு எழுதி வைக்கணும், இன்ஸ்பெக்டர் வந்து சமையக்கட்டு சுத்தமா இருக்கான்னு பாக்கறப்பவே சப்ளையருக்கு ஸ்டூல் எங்கன்னும் கேக்கணும். நான் போற ஓட்டல்கள்ல எல்லாம் கல்லாவுல மட்டும்தான் நாற்காலி இருக்கு. சர்வீஸ் சார்ஜ் பத்தி டெல்லி ஹைகோர்ட் 2025 மார்ச்ல தீர்ப்பு சொன்னப்ப, அத பில்லுல கட்டாயமா போடக்கூடாதுன்னு ஆனப்ப எவ்ளோ விவாதம் நடந்துச்சு, டிவில பேசுனவங்க எல்லாம் கஸ்டமரு, ஓட்டல் முதலாளி, வக்கீலு, ஒரு சர்வர கூட நான் பாக்கல.

அடுத்த தடவ ஓட்டல் பத்தி எழுதறப்ப தயவுசெஞ்சு ஒரு சப்ளையர உக்கார வச்சு பேட்டி எடுங்க. போன வாரம் பேரனோட டிபன் சாப்பிடப் போனேன், ஒடிசாக்காரத் தம்பி ஒருத்தன், இருபது வயசு இருக்கும், தண்ணி வச்சிட்டு தூணுல சாஞ்சு ஒத்தக் கால்ல நின்னான், கொஞ்ச நேரத்துல கால மாத்தி நின்னான். எனக்கு பாத்தவொடனே தெரிஞ்சிடுச்சு. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தில, தம்பி ராத்திரி படுக்கறப்ப ரெண்டு காலையும் செவுத்து மேல தூக்கி வச்சு கால் மணி நேரம் படு, டைட்டா சாக்ஸ் போடு, இப்பவே போடுன்னு சொன்னேன். சரி தாத்தான்னு தமிழ்லயே சொல்லிட்டு அடுத்த டேபிளுக்கு ஓடிட்டான்.

இப்படிக்கு,
முன்னாள் சப்ளையர், உங்கள் வாசகன்
திருச்சி